பல சொற்கொண்டு பொருள் தேடுதல்

அறிவைத் தேடிச் சேர்த்தல் ஒரு கலை. சேர்த்த அறிவை வேண்டியவிடத்து எடுத்துக்கொள்ளுதல் பிறிதொரு கலை. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னதைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. நெல்லைக் கொட்டிவைத்த களஞ்சியத்திலே எப்பக்கத்திற் கடகத்தை விட்டு அள்ளினும் நெல்லே வரும். நூல்களைச் சேர்த்துவைத்த களஞ்சியமோ அத்தகையதன்று. அங்கே ஒன்றுக்கொன்று வேறான பல்லாயிரம் பொருள்கள் உள. ஒருவன் வேண்டுவது அவற்றுள் ஒன்றோ இரண்டோவாம். அதனை எட்டும் வழி இல்லையாயின், அது களஞ்சியத்தில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒருதன்மையனவே.

நூலிழப்பு இன்னதென்பதை யாழ்ப்பாணத்தவர் பிறர் சொல்லக் கேட்டறிய வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் மாதம் பிறந்த நாள்களிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுட் பல மீண்டும் பெறற்கரியன. கட்டடம் பின்னர் மீள எழுந்தது. வெந்த ஏடுகள் எழவில்லை. எஞ்சியவற்றையேனும் காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பலரிடத்தும் வலுப்பெற்றது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் அவ்வெண்ணத்தின் விளைவுகளுள் ஒன்று. ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், செய்தித்தாள்கள், துண்டுப் பிரசுரங்கள், நினைவு மலர்கள் முதலியன அங்கே மின்வடிவில் வைக்கப்பட்டு, உலகின் எம்மூலையில் உள்ளாரும் படிக்குமாறு அமைந்துள்ளன.

இவ்வாறு காக்கப்பட்ட ஏடுகளும் தேடுவான் கையில் அகப்படாவிடின் இழந்தனவே போலும். தேடுவான் பெரும்பாலும் நூலின் பெயரை அறியான்; ஆசிரியர் பெயரையும் அறியான். அவன் உள்ளத்தில் இருப்பன இரண்டொரு சொற்களே. “பனை”, “கைத்தொழில்”, “யாழ்ப்பாணம்” என மூன்று சொற்களைக் கொடுத்து, அவை மூன்றும் பொருந்தும் ஏடு எது என வினவுகின்றான். கணினி அதற்கு எவ்வாறு விடை காண்கின்றது? முகிற் கணிமை எனப்படும் இக்கால அமைப்பிலே அவ்விடை காண்பதில் எழும் இடர் யாது? அதனை நீக்கும் வழிகள் எவை? இவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகண்டு காட்டும் நெறி

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்து ஆராய்ந்துள்ளனர். திவாகரமும், மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தவை. முதற்பத்துத் தொகுதிகளும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்றாற்போலப் பொருள்களை இனம் பிரித்து, ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைக் கூறுவன. பதினோராந் தொகுதியோ ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைக் கூறுவது. ஆகவே, ஒரு பொருளுக்குப் பல சொல் உண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருளும் உண்டு. இவ்விரண்டு இயல்புகளே தேடுவானுக்கு உறும் இருவகைத் துன்பங்களுக்கும் காரணமாவன.

முதலாவது துன்பத்துக்கு எடுத்துக்காட்டு: பனைக்குப் பெண்ணை, தாலம், போந்தை எனவும் பெயர் உண்டு. “பனை” என்று மாத்திரம் தேடுவானுக்குப் “பெண்ணை” என்று குறித்த ஏடு தோன்றாது. இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு யாழ்ப்பாண வழக்கிலேயே உண்டு. “கல்வெட்டு” என்பது கல்லிற் பொறித்த சாசனத்தைக் குறிக்கும். இறந்தார் நினைவாக அந்தியேட்டித் தினத்தில் வெளியிடும் சிறு நூலையும் குறிக்கும். சோழர் சாசனத்தைத் தேடும் ஆராய்ச்சியாளர் முன்னே நினைவு மலர்கள் வந்து குவிதலும், தம் பாட்டனார் பற்றிய நினைவு நூலைத் தேடுவார் முன்னே சாசன ஆராய்ச்சிகள் வந்து நிற்றலும் இதனால் நிகழ்வன.

இரண்டுக்கும் மருந்து பல சொற்களைச் சேர்த்து வினவுதலே. ஆயினும் சேர்க்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றன்று. ஒரு பொருளுக்குப் பல சொல் உள்ளவிடத்து, “பனை அல்லது பெண்ணை அல்லது தாலம்” என அவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ள ஏடுகளை எல்லாம் வேண்டுதல் தகும். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உள்ளவிடத்து, “கல்வெட்டு” என்பதனோடு “சோழர்” என்பதும் உடனுள்ள ஏடுகளையே வேண்டுதல் தகும். முன்னது வலையை விரிப்பது. பின்னது வலையைச் சுருக்குவது. இவ்விரண்டையும் வேறுபிரித்து உணர்தலே பலசொற் றேடலின் அடிப்படை.

சொல்லட்டவணை

நிகண்டு செய்யுளாதலின் அதனை மனனஞ் செய்தாரே விரைந்து பயன்கொள்ள இயலும். திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணாக்கர் அவ்வாறே செய்தனர். 1594ஆம் ஆண்டிற் சிதம்பர ரேவணசித்தர் செய்த அகராதி நிகண்டும், 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியும் சொற்களை அகர வரிசையில் வைத்து, மனனம் இன்றியும் சொல்லை எட்டும் வழியைத் திறந்தன. 1842ஆம் ஆண்டில் வெளிவந்த மானிப்பாய் அகராதியும், 1902ஆம் ஆண்டில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை வெளியிட்ட அபிதான கோசமும் அவ்வழியில் யாழ்ப்பாணம் செய்த பெருந்தொண்டுகளாம். வரிசைப்படுத்திய பட்டியலிலே நடுப்பக்கத்தைத் திறந்து, வேண்டிய சொல் முன்னதோ பின்னதோ எனப் பார்த்துப் பாதி பாதியாகக் கழித்துச் செல்லின், பத்து இலட்சம் சொற்களுள் ஒன்றை இருபது முறை பார்ப்பதனுள் எட்டிவிடலாம். கணினி செய்வதும் இதுவே.

ஏட்டினுள் என்னென்ன சொற்கள் உள என்று கூறுவது ஏட்டின் பட்டியல். அதனைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஏடுகளில் உளது என்று கூறுவது சொல்லட்டவணை. நூலின் இறுதியிலே சேர்க்கப்படும் சொற்குறிப்பு அகராதி இவ்வகையினதே. ஆறு ஏடுகள் மாத்திரம் உள்ள ஒரு சிறு நூலகத்தைக் கற்பித்துக் கொள்க. அவற்றின் குறிச்சொற்கள் வருமாறு:

1 – பனை, கைத்தொழில், யாழ்ப்பாணம்
2 – பனை, மருத்துவம்
3 – கிணறு, வேளாண்மை, யாழ்ப்பாணம்
4 – பனை, வேளாண்மை, மன்னார்
5 – மட்பாண்டம், கைத்தொழில், யாழ்ப்பாணம்
6 – பனை, கைத்தொழில், மன்னார்

இதனைத் தலைகீழாக்கினால், பனை: 1, 2, 4, 6, கைத்தொழில்: 1, 5, 6, யாழ்ப்பாணம்: 1, 3, 5 என வரிகள் அமையும். “பனை”, “கைத்தொழில்” என்னும் இரண்டும் உள்ளவை யாவை என வினவின், இரு வரிகளுக்கும் பொதுவான 1, 6 என்பன விடையாம். “யாழ்ப்பாணம்” என்பதையும் சேர்த்தால் 1 ஒன்றே எஞ்சும். “பனை” அல்லது “கைத்தொழில்” உள்ளவை யாவை எனின், 1, 2, 4, 5, 6 என ஐந்தும் விடையாம். “பனை” உளதாய் “மன்னார்” இலதாய் உள்ளவை 1, 2 என்பனவாம்.

பொது எண்களைக் காண்பதற்கு ஒவ்வோர் எண்ணையும் மற்றையதனோடு ஒப்பிட வேண்டுவதில்லை. வரிகள் ஏறுவரிசையில் இருத்தலால் தாவிச் செல்லலாம். பனை வரியின் முதலெண் 1. கைத்தொழில் வரியின் முதலெண்ணும் 1. ஆகவே ஒரு விடை கிடைத்தது. அடுத்து, முன்னதில் 2, பின்னதில் 5. ஐந்திற் குறைந்த எவ்வெண்ணும் இனி விடையாகாது. ஆதலால் பனை வரியில் 5க்குக் குறையாத எண்ணுக்குத் தாவுக. அது 6. இப்பொழுது மற்றை வரியில் 6க்குக் குறையாத எண்ணுக்குத் தாவின் அதுவும் 6. மீண்டும் விடை. இடையில் இருந்த 4 பார்க்கப்படவேயில்லை. வரிகள் இலட்சக்கணக்கில் நீளும்பொழுது இத்தாவலினால் மிஞ்சும் காலம் பெரிதாகும்.

“உம்” என்பதும் “அல்லது” என்பதும்

இவ்வாறு தொகுதிகளைச் சேர்த்தலையும் வெட்டுதலையும் கணிதமாக வகுத்தவர் ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயர். அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரியிற் பேராசிரியராய் இருந்த அவர், 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சிந்தனை விதிகள் பற்றிய நூலிலே, மனிதர் நியாயிக்கும் முறையை இயற்கணிதக் குறிகளாற் காட்டினார். கணினிகள் எல்லாவற்றுக்கும் அவர் வகுத்த இயற்கணிதம் அடிப்படையாகும் என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

ஈண்டு மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பேச்சு வழக்கின் எண்ணும்மையும் பூலின் கணிதத்திற் பெருக்கலும் எப்பொழுதும் ஒன்றாகா. “பனை பற்றியும் கிணறு பற்றியும் உள்ள நூல்கள் வேண்டும்” என்று ஒருவர் நூலகரிடங் கேட்டால், பனையும் கிணறும் ஒருங்கே வரும் நூலை அவர் கருதினாரல்லர். இருவகை நூல்களையும் கேட்கின்றார். கணினிக்கோ அவ்விடத்து “அல்லது” என்றே கூறுதல் வேண்டும். “பனையிலிருந்து செய்யும் கைத்தொழில் பற்றிய நூல்” என்று கேட்டாரேல், இரண்டும் ஒருங்கு வருதலையே கருதினார். நூலகர் கேட்பார் முகத்தையும் குறிப்பையும் நோக்கிப் பொருள் கொள்வார். கணினிக்கு அக்குறிப்புணர்வைச் செய்நிரல் எழுதுவோனே முன்கூட்டி அளித்தல் வேண்டும்.

முகில்வழித் தரவுத்தளம்

முகில் என்பது உருவகமே. தொலைவிலுள்ள பெருங்கட்டடங்களில் நிரைநிரையாய் நிறுவப்பட்ட கணினிகளை, இணையத்தின் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துதலே முகிற் கணிமை. ஒரு பாடசாலை தன் பழைய ஆண்டு மலர்களின் கட்டுரைகளை எல்லாம் பட்டியலிட்டு வைக்க விரும்பின், பொறிகளை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. அத்தகைய தளத்தில் இடம் பெற்றுக்கொள்ளலாம். இத்தளங்களுள் ஒன்று கூகிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த ஃபயர்ஸ்ரோர் என்பது.

இத்தளத்திலே ஒவ்வொரு கட்டுரையும் ஓர் ‘ஆவணம்’. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, குறிச்சொற்பட்டியல் என்பன அதன் புலங்கள். தளத்தை அமைத்தோர் ஒரு கொள்கையை மேற்கொண்டனர். வினவலுக்கு ஆகும் நேரம், சேமித்துவைத்த ஆவணங்களின் தொகையைப் பொறாமல், விடையாக வரும் ஆவணங்களின் தொகையையே பெரிதும் பொறுத்திருத்தல் வேண்டும் என்பதே அது. ஆயிரம் ஆவணங்களுள் பத்தைத் தேடினாலும், கோடி ஆவணங்களுள் பத்தைத் தேடினாலும் ஏறக்குறைய ஒரே நேரமே ஆகும். இது பெருஞ்சிறப்பு. ஆனால் இச்சிறப்பைப் பெறும்பொருட்டு, முன்னரே அமைந்த அட்டவணையைக் கொண்டு விடை காண இயலாத வினவல்கள் அதன் வழமையான பதிப்பில் மறுக்கப்படுகின்றன.

குறிச்சொற்பட்டியலை நோக்கி வினவுதற்கு அங்கே இரு வினவற்சொற்கள் உள. ‘அரே-கொன்ரெயின்ஸ்’ என்பது, பட்டியலில் இக்குறித்த ஒரு சொல் உளதா என வினவுவது. ‘அரே-கொன்ரெயின்ஸ்-எனி’ என்பது, இச்சொற்களுள் ஏதேனும் ஒன்று உளதா என வினவுவது. பின்னதிற் கொடுக்கத்தக்க சொற்கள் முப்பது. முன்னர் அவ்வெல்லை பத்தாக இருந்தது. ஆகவே “அல்லது” என்னும் வினவல் எளிதாயிற்று. “பனை”, “கைத்தொழில்” என்னும் இரண்டும் உளவா என்று வினவ விரும்புவோன், முதல் வினவற்சொல்லை இருமுறை அடுக்கி எழுதினாலோ தளம் அதனை ஏற்பதில்லை. “உம்”மையால் இணைத்த வினவலில் அது ஒருமுறையே வரலாம். “ஏதேனும்” என்னும் இரண்டாவது சொல்லை அதற்குப் பதிலாக இட்டாலோ பிழை எதுவுங் காட்டாமல் விடை வரும். ஆனால் அது வேண்டிய விடையன்று. மேற்கூறிய சிறு நூலகத்தில் 1, 6 என்பன வரவேண்டிய இடத்து 1, 2, 4, 5, 6 என்பன வந்து நிற்கும். மறுக்கப்பட்ட வினவலைக் காட்டிலும், ஏற்கப்பட்டுத் தவறான பொருள் தரும் வினவலே பெருங்கேடு. ஏனெனில், தேடுவான் அதனை நம்பிவிடுவான்.

எல்லாத் தளங்களும் இவ்வாறுள்ளன என்று கொள்ளலாகாது. மொங்கோடிபி என்னும் தளத்திலே “அனைத்தும்” எனவும் “ஏதேனும்” எனவும் பட்டியலை வினவுதற்குத் தனித்தனி வினவற்சொற்கள் உண்டு. அமேசன் நிறுவனத்தின் டைனமோடிபியிலே பல சொற்களை “உம்” என்றும் “அல்லது” என்றும் இணைத்து வடிகட்டலாம். ஆயினும் அவ்வடிகட்டல் ஆவணங்களை வாசித்த பின்னரே நிகழ்வது. வடிகட்டி எறிந்தவற்றை வாசித்ததற்கும் கட்டணம் உண்டு. அரிசி வாங்கச் சென்றவன் உமிக்கும் விலை கொடுத்தாற்போலும் அது.

நான்கு வழிகள்

ஃபயர்ஸ்ரோர் போன்ற தளத்திலே எல்லாச் சொற்களும் பொருந்தும் ஆவணங்களைக் காண்பதற்கு நான்கு வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, ஒரு சொல்லைத் தளத்திடம் வினவி, எஞ்சிய சொற்களைத் தன் செய்நிரலிலே சரிபார்த்தல். இஃது எளிது. ஆயினும் எச்சொல்லை முதலில் வினவுவது என்பதிலேயே இதன் வெற்றி தங்கியுள்ளது. ஒரு தொகுப்பிலே “யாழ்ப்பாணம்” என்னும் சொல் 5,000 ஆவணங்களிலும் “மட்பாண்டம்” என்னும் சொல் 40 ஆவணங்களிலும் உளவாயின், முன்னதை வினவுவோன் 5,000 ஆவணங்களை வாசிக்கக் கட்டணஞ் செலுத்துவான். பின்னதை வினவுவோன் 40 ஆவணங்களுக்கே செலுத்துவான். இருவர்க்கும் இறுதியிற் கிடைக்கும் விடை ஒன்றே. ஆதலால் ஒவ்வொரு சொல்லும் எத்தனை ஆவணங்களில் வருகின்றது என்னும் கணக்கை வைத்திருந்து, அரிய சொல்லை முதலில் வினவுதல் அறிவுடைமை.

இரண்டாவது, குறிச்சொற்களைப் பட்டியலாக வையாமல், ஒவ்வொரு சொல்லையும் ஒரு புலத்தின் பெயராக்கி, அதன் பெறுமானத்தை “உண்மை” என வைத்தல். அப்பொழுது “பனை என்னும் புலம் உண்மை, கைத்தொழில் என்னும் புலமும் உண்மை” எனச் சமன்பாடுகளை அடுக்கலாம், தளம் அவற்றை ஏற்கும். ஒவ்வொரு புலத்துக்கும் தானாக அமையும் அட்டவணை வரிகளை மேற்கூறிய தாவல் முறையினாற் பொருத்தி அது விடை காணும். வேண்டாத ஆவணங்கள் வாசிக்கப்படுவதில்லை. ஆயினும் சொற்கள் பெருகப் பெருக அட்டவணை வரிகளும் பெருகும். ஓர் ஆவணத்துக்கு 40,000 அட்டவணை வரிகள் என்பது அத்தளத்தின் எல்லை. கட்டுரை ஒன்றுக்குப் பத்திருபது குறிச்சொற்கள் இடுவோர்க்கு இது தடையாகாது; நூலின் ஒவ்வொரு சொல்லையும் இட முயல்வோர்க்குத் தடையாகும். தமிழ்ச் சொல்லைப் புலத்தின் பெயராக வைக்கும்பொழுது, வினவலில் அதனைப் பின்சாய்குறிக்குள் (`) இட்டு எழுதவேண்டியிருக்கலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, சொற்களை முன்கூட்டியே இணைத்து வைத்தல். “கைத்தொழில்”, “பனை” என்னும் இரண்டையும் அகர வரிசையில் அடுக்கி, “கைத்தொழில்–பனை” என ஒரே குறிச்சொல்லாக்கிப் பட்டியலிற் சேர்த்துவிட்டால், அதனை ஒருமுறை வினவுதல் போதும். அகர வரிசை இன்றியமையாதது. இன்றேல் “பனை–கைத்தொழில்” என வினவுவோனுக்கு விடை கிடையாது. இம்முறையின் குறை கணக்கிலே தோன்றும். பத்துச் சொற்களிலிருந்து இவ்விரண்டாக இணைத்தால் 45 இணைகள். மும்மூன்றாக இணைத்தால் 120. எல்லா வகையாலும் கூட்டினால் 1,023. ஆகவே இரண்டு சொற்களுக்கு மேல் இது தகாது.

நான்காவது, தேடலுக்கென்றே அமைந்த வேறொரு பொறியைத் தளத்தின் பக்கத்தில் நிறுத்துதல். 1999ஆம் ஆண்டிலே தோன்றிய லூசீன் என்னும் மென்பொருளும், அதனை அடிப்படையாகக் கொண்டு 2010ஆம் ஆண்டில் வெளிவந்த இலாஸ்ரிக்சேர்ச்சும் இவ்வகையின. முழுநூலையும் சொற்சொல்லாகத் தேட விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது. ஆனால் தளம் ஒன்று, தேடுபொறி ஒன்று என இரண்டையும் ஒத்திசைய வைத்திருக்கும் பொறுப்பும் செலவும் உடன் வரும். சிறு பாடசாலைத் தொகுப்புக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் போதியது.

தமிழ்ச் சொல்லின் இயல்பு

இதுகாறும் கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய இடர்கள் சில உள.

முதலாவது எழுத்தைப் பற்றியது. கணினி எழுத்தைக் காண்பதில்லை, எண்ணையே காண்கின்றது. யூனிக்கோட்டு முறையிலே “கொ” என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனி இரு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எண்களோ வேறு, முன்னதில் இரண்டு, பின்னதில் மூன்று. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் “கொழும்பு” என்னும் இரண்டு சொற்களைக் கணினி வெவ்வேறென்று தள்ளிவிடும். ஔகாரத்தை ஒரே எழுத்தாக எழுதாது, ஒகரமும் ளகரமுமாக எழுதுதலும் இத்தகைய பிழையை விளைக்கும். இவ்வாறே, யூனிக்கோட்டு முறை பரவுமுன் இலங்கையில் மிகுதியாக வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களில் அச்சேறிய கோப்புகளில், தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் எண்களால் உள்ளன. அவற்றை மாற்றியமைக்காமற் சேர்த்தால் அவ்வேடுகள் எத்தமிழ்ச் சொல்லுக்கும் அகப்படா.

இரண்டாவது புணர்ச்சியும் வேற்றுமையும் பற்றியது. “யாழ்ப்பாணம்” என்னும் சொல் “யாழ்ப்பாணத்தில்”, “யாழ்ப்பாணத்தார்”, “யாழ்ப்பாணப் பனை” எனத் திரிந்து வரும். இவற்றுள் எதனிலும் மகர மெய் இல்லை. ஆதலால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி இவற்றைக் காணமாட்டாது. குறிச்சொல்லை எழுவாய் வடிவில், விகுதியும் சாரியையும் நீக்கி வைத்தல் இதற்கு எளிய மருந்து.

மூன்றாவது வழக்கு வேறுபாடு. “கணினி” என்பாரும் “கணனி” என்பாரும் உளர். ஊர்ப்பெயர்களும் மக்கட்பெயர்களும் ஏட்டுக்கு ஏடு வேறுபடும். இங்கே நிகண்டின் முதற்பத்துத் தொகுதிகளைப் போன்றதொரு ஒப்புச்சொற் பட்டியல் வேண்டும். தேடுவான் “பனை”, “கைத்தொழில்” என்று கொடுத்தால், செய்நிரல் அதனைப் “பனை அல்லது பெண்ணை அல்லது தாலம்” எனவும், “கைத்தொழில் அல்லது குடிசைத்தொழில்” எனவும் விரித்து, இரு கூட்டங்களையும் “உம்”மையால் இணைத்தல் வேண்டும். இவ்வாறு விரிக்கும்பொழுது தளம் ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனி எண்ணும். மூன்றும் இரண்டும் பெருகி ஆறு சேர்க்கைகள் ஆகும். ஐந்தும் ஏழும் பெருகின் முப்பத்தைந்து ஆகி, முப்பது என்னும் எல்லையைக் கடந்துவிடும். ஆகவே ஒப்புச்சொற்களை வரையறை இன்றிச் சேர்த்தலும் ஆகாது. அதனினும் சிறந்தது, ஏட்டைப் பதியும்பொழுதே பல பெயர்களுள் ஒன்றைத் தலைமைச் சொல்லாக நிறுத்தி, மற்றவற்றை அதற்கு மாற்றிக்கொள்ளுதல்.

இம்மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. சேமிக்கும் சொல்லும் வினவும் சொல்லும் ஒரே முறையால் திருத்தம் பெறுதல் வேண்டும். ஒருபக்கத்தை மட்டும் திருத்தினால், முன்னர் அகப்பட்டவையும் அகப்படாமற் போகும்.

தேடலை அளத்தல்

தேடல் நன்கு நடந்ததா என்பதை அளக்கும் முறையை, இங்கிலாந்தின் கிரான்பீல்டில் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் சிரில் கிளெவர்டன் நடத்திய ஆய்வுகள் நிலைநாட்டின. இரண்டு அளவைகள் அங்கே கொள்ளப்பட்டன. வேண்டிய ஏடுகள் எல்லாவற்றுள்ளும் எத்தனை கிடைத்தன என்பது நிறைவு. கிடைத்தவற்றுள் எத்தனை வேண்டியவை என்பது செம்மை.

ஒரு பொருள் பற்றி 12 ஏடுகள் உள எனக் கொள்க. “உம்” கொண்டு வினவியபொழுது 5 கிடைத்து, ஐந்தும் வேண்டியவையாயின், செம்மை முழுமை பெற்றது. நிறைவோ 5/12 மாத்திரமே. “அல்லது” கொண்டு வினவியபொழுது 40 கிடைத்து, அவற்றுள் 11 வேண்டியவையாயின், நிறைவு 11/12, செம்மை 11/40. ஒன்று மிகின் மற்றையது பெரும்பாலும் குறையும். ஆதலால் இக்காலத்துத் தேடுபொறிகள் இடைவழி ஒன்றைக் கொள்கின்றன. எல்லாச் சொற்களும் பொருந்துவனவற்றை முதலிலும், ஒரு சொல் குறைந்தனவற்றை அடுத்தும், இரு சொற்கள் குறைந்தனவற்றை அதற்கடுத்தும் வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. ஃபயர்ஸ்ரோரிலே “ஏதேனும்” என வினவிப் பெற்ற ஆவணங்களை, பொருந்திய சொற்களின் தொகைகொண்டு செய்நிரலில் வரிசைப்படுத்துதல் இதற்கு ஒப்பாகும். விரைந்து ஒன்றை வேண்டுவான் முதற்பக்கத்தோடு அமைவான். ஆராய்ச்சி செய்வான் இறுதிவரை சென்று பார்ப்பான்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

1892ஆம் ஆண்டில் சீர்காழியிலே பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, 1924ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சீ. இரா. அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். வாசகர் காலத்தைக் காத்தல் என்பது அவற்றுள் நான்காவது. 1933ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையிலே, ஒரு நூலை ஒரே தலைப்பின்கீழ் அடைக்காமல், அதன் முதன்மைப்பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களை வேறுவேறாகக் குறித்துக் கோவைப்படுத்தினார். பல குறிச்சொற்களைச் சேர்த்துத் தேடும் இக்கால முறைக்கு அஃது ஒரு முன்னோடி எனலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் திட்டமிடப்பட்டபொழுது அவருடைய ஆலோசனையும் பெறப்பட்டது என்பது இவ்விடத்து எண்ணத்தக்கது.

அம்முறை இன்றும் கைக்கொள்ளத்தக்கதே. ஒரு கட்டுரைக்குக் குறிச்சொல் இடுவோர், இஃது எதனைப் பற்றியது, எச்செயலைப் பற்றியது, எவ்விடத்தது, எக்காலத்தது, யாரைச் சார்ந்தது என ஐந்து வினாக்களைத் தமக்குள் வினவி விடையெழுதின், பிற்காலத்துத் தேடுவான் எம்முகமாக வந்தாலும் வாயில் திறந்திருக்கும். இதனைக் கணினி தானாகச் செய்யும் எனக் கருதி விட்டுவிடுதல் நன்றன்று. ஒரு நினைவு மலரின் உள்ளே அவ்வூர்க் குளத்தின் வரலாறு அடங்கியிருத்தலையும், ஒரு கோயிற் கும்பாபிஷேக மலரின் உள்ளே நூறாண்டுக்கு முந்திய பாடசாலைச் செய்தி இருத்தலையும், படித்துப் பார்த்த மனிதரே உணர்ந்து குறிக்க வல்லர். அவ்வூரை அறிந்தவர் அதனிலும் நன்றாகக் குறிப்பர். அவர்கள் இருக்கும் காலத்திலேயே அது செய்யப்படுதல் வேண்டும்.

பாடசாலை தோறும் பழைய ஆண்டு மலர்கள் அலுமாரிகளில் உள. கணினிக் கல்வி கற்கும் மாணவர் அவற்றின் கட்டுரைகளைப் பட்டியலிட்டு, ஆசிரியரின் துணையோடு குறிச்சொல் இட்டு, மேற்கூறிய வழிகளுள் ஏற்றதொன்றால் தேடத்தக்கதாக்கின், கணிமையும் கற்றவராவர். ஊரின் வரலாற்றுக்கும் உதவினவராவர். தீயாலும் போராலும் நீராலும் செல்லாலும் இழந்தவை பல. எஞ்சியவை தேடுவான் கைக்கு எட்டுமாறு செய்தல் இத்தலைமுறையார் கடனாகும்.